நூறு கவனமும் ஓர் உள்ளமும்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது தமிழ்நாட்டு முதுமொழி. பிள்ளைகளைக் கண்டிக்கப் பெற்றோர் எடுத்தாளும் மொழிகளுள் இதற்குத் தனியிடம் உண்டு. காலையில் திருமறை ஓதிவிட்டுப் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை, மாலையில் ஓவியம் தீட்ட விரும்புகிறான். மறுநாள் வானியல் நூலொன்றைக் கையில் எடுக்கிறான். அடுத்த திங்களில் அரபு எழுத்தணிக் கலை அவனை ஈர்க்கிறது. அது கைவருவதற்குள் கணினி மொழி ஒன்றைக் கற்க ஆசை பிறந்துவிடுகிறது. "எதிலும் நிலைக்கமாட்டேன் என்கிறானே" என்று தாய் வருந்துகிறாள். "ஒன்றைப் பிடி, மற்றதை விடு" என்று தந்தை அதட்டுகிறார். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று அறியாத பிள்ளை, எல்லாவற்றையும் அரைகுறையாய் வைத்துவிட்டுக் கைப்பேசியில் முகம் புதைத்துக்கொள்கிறான்.

இக்குறை இளையோருக்கு மட்டும் உரியதன்று. நாற்பதைக் கடந்த பெரியோர் வீடுகளிலும் பாதி படித்த நூல்களும், முன்னுரையோடு நின்றுபோன கையெழுத்துப் படிகளும், தொடங்கிய மூன்றாம் மாதத்தில் கைவிடப்பட்ட பாடக் குறிப்பேடுகளும் அலமாரிகளை அடைத்துக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். அறிவில் குறைந்தவர்களுக்கு இந்நிலை நேர்வதில்லை. ஆர்வம் மிகுந்தவர்களையே இது பெரிதும் பற்றுகிறது. ஆதலால்தான் இதைப் பற்றிச் சிந்திப்பது இன்றியமையாததாகிறது.

பல துறைகளில் நாட்டம் கொள்வது குற்றமா? குற்றமன்றெனில், அந்நாட்டங்களை ஓர் ஒழுங்கில் நிறுத்தும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? மேலோட்டமாக நோக்கினால் இது படிப்பைப் பற்றிய வினா. ஊன்றி நோக்கினால் அறத்தைப் பற்றிய வினா. நம் ஆயுளும் நம் கவனமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். ஆயுளை எவ்வழியில் செலவிட்டோம், கற்ற கல்வியைக் கொண்டு என்ன செய்தோம் என்று மறுமையில் வினவப்படும் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆகவே, "எனக்குப் பல விருப்பங்கள்" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் பல கணக்குகளுக்குக் கையொப்பமிடுகிறார் என்றே பொருள்.

ஒரு மண்டபத்தில் நூறு வினாக்கள்

1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி, நம் வினாவுக்கு விடை தேடத் தக்க இடமாகும். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள், அன்று அறிஞர் நிறைந்த அவையில் நூறு கவனங்களை ஏற்று நிறைவேற்றிச் சதாவதானி என்னும் சிறப்புப் பெற்றார்கள். அப்போது அவர்களுக்கு வயது முப்பத்திரண்டு.

அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனம் என்பதே பொருள். எட்டுக் கவனங்களை ஏற்பது அட்டாவதானம். பத்தை ஏற்பது தசாவதானம். பதினாறை ஏற்பது சோடசாவதானம். நூறை ஏற்பது சதாவதானம். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வார். மற்றொருவர் கணக்கொன்றைக் கொடுப்பார். இன்னொருவர் பழைய ஆண்டொன்றின் நாளைச் சொல்லிக் கிழமை கேட்பார். இலக்கண ஐயம் எழுப்புவார் ஒருவர். புராணத்தில் பொருள் கேட்பார் ஒருவர். இதற்கிடையே எங்கோ மணி ஒலிக்கும். முதுகின்மேல் பூவோ கல்லோ வந்து விழும். எத்தனை முறை ஒலித்தது, எத்தனை விழுந்தன என்பதையும் இறுதியில் சொல்லியாக வேண்டும். தாளும் எழுதுகோலும் கையில் இருக்கலாகாது. நெஞ்சே ஏடு, நினைவே எழுத்தாணி.

இதைக் கேள்விப்படும் நாம், "ஒரே நேரத்தில் நூறு காரியம் செய்தாரே!" என்று வியக்கிறோம். அவ்வியப்பில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அவதானி ஒரே கணத்தில் நூறைச் சிந்திப்பதில்லை. எவராலும் அது ஆகாது. மனிதனுக்குள் இதயம் ஒன்றே என்பதை அஹ்ஸாப் அத்தியாயத்தின் நான்காம் வசனம் நமக்கு நினைவூட்டுகிறதன்றோ? வெண்பாவுக்குச் சீர் தேடும் கணத்தில் அவதானியின் உள்ளம் முழுதும் வெண்பாவிலேயே இருக்கிறது. கணக்குக்குத் திரும்பிய கணத்தில் கணக்கிலேயே இருக்கிறது. மணியோசை கேட்டதும் அதை எண்ணி, உரிய அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, விட்ட இடத்துக்கு மீள்கிறது. கவனங்கள் நூறாயினும் கவனிக்கும் உள்ளம் ஒன்று. அந்த ஒன்று ஒவ்வொரு கணமும் முழுமையாக ஓரிடத்தில் இருக்கிறது.

ஊன்றிப் பார்த்தால் இக்கலைக்குள் மூன்று கட்டுப்பாடுகள் இருக்கக் காணலாம். முதலாவது எல்லை. நூறு என்றால் நூறுதான். மேடையேறிய பிறகு நூற்றொன்றாவது வினாவை ஏற்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. இரண்டாவது முறை. எது முன், எது பின் என்ற வரிசை இல்லாவிட்டால் நினைவு தடுமாறும். மூன்றாவது மீட்சி. இடையில் விட்ட ஒவ்வொன்றுக்கும் திரும்பி வந்து, முடித்து, கேட்டவரிடம் ஒப்படைத்த பின்னரே அவதானி மேடையை விட்டு இறங்குகிறார். தொண்ணூற்றொன்பதை முடித்து ஒன்றை மறந்தால் அது சதாவதானம் ஆகாது.

நாமும் அன்றாடம் நூறை ஏற்கிறோம். ஆனால், எல்லை வகுத்துக்கொள்ளாமல் ஏற்கிறோம்; வரிசை இல்லாமல் தொடுகிறோம்; விட்டதற்கு மீள்வதில்லை. நம் கவனம் சிதறுவதற்கு விருப்பங்களின் தொகை காரணமென்று நாம் பழி சொல்கிறோம். தொகை பெரிதாயினும் எல்லையும் முறையும் மீட்சியும் இருந்தால் உள்ளம் சிதறாது என்பதற்குப் பாவலர் அவர்களே சான்று.

பாவலரின் மற்றொரு பாடம்

அவதான மேடைகளில் பாவலர் அவர்களைப் பற்றி வழங்கும் நிகழ்ச்சி ஒன்றைத் தமிழ் முஸ்லிம் வீடுகள் பல அறியும். துருக்கனுக்கு இராமன் துணை என்று பொருள்படும்படியான ஈற்றடி ஒன்றை ஒருவர் கொடுத்தாராம். முஸ்லிம் புலவர் ஒருவரைச் சங்கடத்தில் ஆழ்த்தவே அது கொடுக்கப்பட்டது என்பர். பாவலர் சினம் கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. முந்திய அடியின் இறுதியில் 'சத்' என்று நிறுத்தி, துருக்கனைச் சத்துருக்கனாக்கிவிட்டார். இராமனின் தம்பிக்கு இராமன் துணையாவதில் யாருக்கு என்ன தடை? அவை ஆரவாரித்தது என்று கேட்டிருக்கிறோம்.

இதில் சொல் திறத்தைப் புகழ்வோர் பலர். நாம் அவ்வுள்ளத்தின் அமைதியை எண்ணிப் பார்க்கிறோம். குத்தல் நிறைந்த சொல் காதில் விழும்போது மனம் அதன்பின் ஓடிவிடுவது இயல்பு. அப்படி ஓடியிருந்தால் மற்றக் கவனங்கள் எல்லாம் அக்கணமே கலைந்திருக்கும். தமக்கு நேர்ந்த சீண்டலையும் ஒரு வினாவாக மட்டுமே ஏற்று, விடையளித்து, அடுத்ததற்கு நகர்ந்த அடக்கம் இருக்கிறதே, அதுவே ஒழுக்கத்தின் உச்சம். நம் நாளின் பெரும் பகுதியை விழுங்குவது விருப்பங்களா, சீண்டல்களா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். யாரோ எங்கோ சொன்ன ஒரு சொல்லுக்கு மறுமொழி தேடி, இரவு முழுதும் கைப்பேசியைத் தேய்க்கும் இளைஞனின் கவனத்தைத் திருடியது அவனுடைய கல்வி நாட்டமன்று.

பாவலர் அவர்களின் வாழ்வு பல கிளைகளைக் கொண்டது. அன்றைய திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் இருந்த ஊரில் பிறந்ததால் பள்ளியில் மலையாளம் பயின்றார்கள். சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார்கள். கோவையும் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் பாடினார்கள். வள்ளலாரின் பாடல்களைப் பற்றிய அருட்பா மருட்பா விவாதம் மூண்டபோது, அருட்பாவின் பக்கம் நின்று மேடைகளில் முழங்கினார்கள். நாட்டு விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுக் கதர் அணிந்தார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்திற்கு உரை வரைந்தார்கள். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பிணைத்த நூல் எது? தமிழ்! கவிதை, சொற்பொழிவு, உரை, அவதானம் என்று எக்கிளையைப் பற்றினாலும் அது தமிழ் என்னும் ஒரே அடிமரத்தில் வந்து சேர்கிறது. விருப்பங்கள் பலவாயினும் வேர் ஒன்றாயின், ஒரு கிளைக்கு ஊற்றும் நீர் மறு கிளைக்கும் பயன்படும்.

மேலும் ஒன்று. அவதானம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் அருஞ்செயல். சீறாவோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியம். அதற்கு உரை காண்பவர்க்குக் கைதட்ட அவையில்லை. பாடல்தோறும் சொல்தோறும் நின்று செல்லும் பொறுமையே துணை. நூறைச் சில மணியில் ஆண்ட உள்ளம், ஒன்றை நெடுநாள் சுமக்கவும் அறிந்திருந்தது. இவ்விரண்டும் ஒருவரிடம் கூடியதாலேயே, அவர்கள் 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்து அரை நூற்றாண்டு கடந்தும் நினைவு மங்கவில்லை. 2008ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அவர்கள் பெயரால் அஞ்சல் தலை வெளியிட்டது.

நம் ஊர் மலையில் எழுந்த வினா

அதே 1907ஆம் ஆண்டு. மார்ச்சில் சென்னை மண்டபம் கைதட்டியது. நவம்பர் 18ஆம் நாள், நாம் வாழும் இத்திருவண்ணாமலையில் வேறோர் அவதானி மலைமேல் ஏறிக்கொண்டிருந்தார். அவர் பெயர் கணபதி சாஸ்திரி. ஆந்திர நாட்டில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர். வடமொழியில் நினைத்தவுடன் கவி பொழிபவர். 1900ஆம் ஆண்டு வங்காளத்து நவத்வீபத்தில் கூடிய பண்டிதர் அவையில் காவியகண்டர் என்னும் பட்டம் பெற்றவர். வேதம், மந்திரம், சோதிடம், ஆயுர்வேதம், கவிதை என அவர் புகாத துறை அரிது. அத்தனையும் கற்ற பின்னர் அவர் விருபாட்சக் குகையில் இருந்த இளந்துறவியிடம் சென்று, "கற்க வேண்டியவற்றைக் கற்றேன், செபிக்க வேண்டியவற்றைச் செபித்தேன், ஆயினும் தவம் என்பது இன்னதென விளங்கவில்லை" என்னும் கருத்துப்பட முறையிட்டதாக வரலாறு கூறுகிறது.

அத்துறவியே பின்னர் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். அப்பெயரை அவருக்குச் சூட்டியவரும் இக்கணபதி சாஸ்திரியே. சிறிது நேரம் மௌனமாயிருந்த அவர், "நான்" என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகிறதோ அங்கே கவனத்தைச் செலுத்தினால் மனம் ஒடுங்கும், அதுவே தவம் என்ற கருத்தில் விடையளித்தார் என்பர்.

அவர்களுடைய சமயக் கொள்கை வேறு. நம் ஈமானின் வழி வேறு. அதில் ஐயம் இல்லை. ஆயினும், ஞானம் முஃமினின் தொலைந்த பொருள், எங்குக் கண்டாலும் அதற்கு உரியவன் அவனே என்று நம் முன்னோர் கற்பித்துள்ளனர். நூறு கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த ஒருவர், "இவ்வளவும் எதற்காக?" என்னும் ஒரு கேள்வியில் தடுக்கி நின்றார் என்பதே நாம் இங்கே பொறுக்கிக்கொள்ள வேண்டிய மணி. பல துறைகளில் உழல்வோரைக் களைப்படையச் செய்வது உழைப்பு அன்று. இக்கேள்விக்கு விடை இல்லாமையே.

அதன் பின்னரும் கணபதி சாஸ்திரி தம் துறைகளை விட்டுவிடவில்லை. 1936ஆம் ஆண்டு காலமாகும்வரை கவிதை, வேத ஆராய்ச்சி, தீண்டாமை எதிர்ப்பு எனப் பலவற்றில் ஈடுபட்டிருந்தார். ரமணரோ 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பதினாறு வயதில் இவ்வூரை அடைந்து, 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மறையும்வரை வேறெங்கும் செல்லவில்லை. ஓரிடத்தை விட்டு அசையாத அவரும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தாரல்லர். விடியுமுன் அடுக்களையில் காய் நறுக்கினார், நூல்களுக்குக் கட்டமைத்தார், அச்சுப்படிகளைத் திருத்தினார், தேங்காய்ச் சிரட்டையைக் கடைந்து கிண்ணம் செய்தார், பல மொழிகளில் எழுதினார். வேலைகள் மாறின, வேலை செய்பவரின் நிலை மாறவில்லை. உள்ளத்துக்கு ஓர் இருப்பிடம் வாய்த்துவிட்டால், கைகள் பல வேலைகளில் ஈடுபடுவதால் கேடில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நிய்யத் என்னும் அச்சாணி

இதே கேள்வி, இவர்களுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் ஒரு பேரறிஞரின் நெஞ்சைப் பிளந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091ஆம் ஆண்டு நிஜாமிய்யா கல்விக்கூடத்தின் தலைமைப் பேராசிரியராய் அமர்ந்தார்கள். ஃபிக்ஹு, உஸூல், கலாம், தத்துவம், தர்க்கம் அனைத்திலும் அவர்களுக்கு நிகரில்லை. நூற்றுக்கணக்கான மாணவர்கள் சூழ்ந்திருந்தனர். அந்நிலையில் தம் நிய்யத்தைத் தாமே சோதித்தார்கள். கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மைக் கேட்டுக்கொண்டபோது, கிடைத்த விடை அவர்களை உலுக்கியது. நாவு எழாமல், உணவு இறங்காமல் நோயுற்றார்கள். 1095ஆம் ஆண்டு பதவியைத் துறந்து பக்தாதை விட்டு வெளியேறினார்கள்.

இதனால் அவர்கள் பல்கலையை வெறுத்தார்கள் என்று கருதலாகாது. பின்னர் அவர்கள் இயற்றிய இஹ்யா உலூமித்தீன் கல்வியைப் பற்றிய பகுதியோடே தொடங்குகிறது. மாணவன் நல்ல கல்வித் துறை எதையும் புறக்கணிக்காமல் அதன் நோக்கத்தையேனும் அறிந்துகொள்ள வேண்டும் என்று அங்கே வழிகாட்டுகிறார்கள். அதே மூச்சில், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் குதிக்காமல் வரிசை பேண வேண்டும், மிக முக்கியமானதிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் எச்சரிக்கிறார்கள். நம் மத்ரஸாக்களில் ஸர்ஃபும் நஹ்வும் முடியாமல் தஃப்ஸீரில் அமர்த்தமாட்டார்கள். துறைகள் பல இருந்தும் மாணவன் குழம்பாமைக்கு இவ்வரிசையே காரணம்.

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்னும் நபிமொழியை நாம் சிறு வயதிலேயே மனனம் செய்கிறோம். தொழுகைக்கும் நோன்புக்கும் நிய்யத் வைக்கத் தெரிந்த நமக்கு, ஒரு புதுக் கலையைக் கற்கத் தொடங்கும்போது நிய்யத் வைக்கத் தெரிவதில்லை. "இதை ஏன் எடுக்கிறேன்? எதுவரை செல்வேன்? இதனால் யார் பயன் பெறுவர்?" என்று நெஞ்சுக்குள் ஒருமுறை கேட்டுக்கொண்டாலே, நம் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும். எஞ்சியவை நிலைக்கும்.

எகிப்து நாட்டு இமாம் சுயூத்தீ (ரஹ்) அவர்கள் (1445–1505) எழுதிக் குவித்த நூல்கள் நூற்றுக்கணக்கானவை. தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹு, நஹ்வு, மஆனீ, பயான், பதீஉ ஆகிய ஏழு துறைகளில் தமக்கு ஆழ்ந்த புலமை அருளப்பட்டதாகச் சொல்லிக்கொண்ட அதே அறிஞர், கணிதம் தமக்கு மிகக் கடினமானது, ஒரு கணக்கைக் கையாள்வது மலையைச் சுமப்பது போன்றது என்ற கருத்தையும் ஒளிக்காமல் எழுதினார்கள். "இது என்னுடையது, இது என்னுடையதன்று" என்று கோடு கிழிக்கத் தெரிந்ததாலேயே ஏழு துறைகளும் அவர்கள் வசப்பட்டன. விட வேண்டியதை விடுவதும் கல்வியே.

இதற்கு நம் ஷரீஅத்தில் அழகிய அடிப்படை ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் நிறைவேற்ற வேண்டியது ஃபர்ளு ஐன். சமுதாயத்தில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் மீதுள்ள பொறுப்பு நீங்கிவிடுவது ஃபர்ளு கிஃபாயா. உலகிலுள்ள நல்ல காரியங்கள் அனைத்தையும் நாமே செய்ய வேண்டும் என்னும் பதற்றம், ஃபர்ளு கிஃபாயாவையெல்லாம் ஃபர்ளு ஐன் ஆக்கிக்கொள்ளும் அறியாமையாகும். நம் ஊர்க் கோவிலின் பதினொரு நிலை இராசகோபுரத்தைக் கட்டத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். அது முடிவுற்றதோ தஞ்சை நாயக்கர் காலத்தில். 217 அடி உயர்ந்த அக்கட்டடம், ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடிக்கலாம் என்பதை நாள்தோறும் நமக்குச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

விலை கொடுப்பவர் யார்?

இவ்வளவு சொல்லியும் முக்கியமான ஒன்றைச் சொல்லாவிடில் இக்கட்டுரை குறையுடையதாகும். ஒருவருடைய பல விருப்பங்களுக்கு உரிய விலையைக் கொடுப்பவர் யார்?

அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாய் இருந்ததைக் கண்ட ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள், இறைவனுக்கும் உரிமை உண்டு, உடலுக்கும் உரிமை உண்டு, குடும்பத்துக்கும் உரிமை உண்டு. உரிமையுடையோர் ஒவ்வொருவர்க்கும் அவரவர் உரிமையைக் கொடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைச் சரியென உறுதிப்படுத்தினார்கள். வணக்கத்துக்கே இவ்வளவு வரம்பு உண்டெனில், நம் பொழுதுபோக்குக் கலைகளுக்கு வரம்பு இல்லாமற் போகுமா?

கணவருக்கு நூல் சேகரிப்பும், மேடைப் பேச்சும், சங்கப் பணியும், புகைப்படக் கலையும் விருப்பம். நல்லது. அவ்வேளைகளில் அடுப்பில் சோறு, தொட்டிலில் குழந்தை, கட்டிலில் மாமியார், வாசலில் பால்காரர், இடையே அஸருடைய பாங்கு என எல்லாவற்றையும் ஒருசேரக் கவனித்துக்கொண்டிருப்பவர் மனைவி. எட்டா, பத்தா, பதினாறா என்று அவருடைய அவதானங்களை யாரும் எண்ணியதில்லை. அவருக்குப் பட்டமும் இல்லை. அவருள்ளும் ஒரு கவிஞரோ, கணித வல்லுநரோ இருந்திருக்கலாம். தம் ஒரு விருப்பத்துக்கும் நேரமின்றி அவர் தேய்ந்துபோவதன் மேல்தான் கணவரின் பல விருப்பங்கள் தழைக்கின்றன எனில், அதைப் பல்துறை ஆர்வம் என்று போற்றலாமா? பிறர் உரிமையிலிருந்து எடுத்த நேரத்தில் வளர்த்த கலைக்கு பரக்கத் எப்படி வரும்? தம் நாளில் ஒரு மணி நேரத்தைக் கலைக்கு ஒதுக்கும் ஆடவர், மனைவிக்கும் ஒரு மணி நேரத்தை மீட்டுக் கொடுத்த பின்னரே தம்முடையதைத் தொடங்க வேண்டும். இதுவே நீதி.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன், "ஹஜ்ரத், எல்லாவற்றிலும் ஆசையாய் இருக்கிறது; எதையும் முடிக்க முடியவில்லை; எதை விடட்டும்?" என்று கேட்டார். குர்ஆன் மனனம் பதினைந்தாம் ஜுஸுவில் நின்றுபோயிருந்தது. தொடங்கி வைத்த அனைத்தையும் ஒரு தாளில் எழுதச் சொன்னோம். பதினொன்று வந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரே, "இது முடியாவிட்டால் யாருக்கு இழப்பு?" என்பதற்கு விடை எழுதச் சொன்னோம். ஏழுக்கு நேரே எதுவும் எழுத முடியவில்லை. ஒன்றுக்கு நேரே மட்டும் வெகுநேரம் தயங்கி, "பாட்டி" என்று எழுதினார். கண்பார்வை மங்கிய பாட்டிக்கு இரவுதோறும் சீறா படித்துக் காட்டுவதாய் வாக்களித்து, சில வாரங்களில் நிறுத்திவிட்டிருந்தார். மனனத்தையும் பாட்டிக்குப் படிப்பதையும் முதலில் தொடங்கினார். மற்றவற்றை ஓராண்டு ஒத்திவைத்தார். ஏழை வெட்கமின்றி விட்டார். இன்று அவர் ஒரு ஹாஃபிள். எழுத்தணிக் கலையும் தோட்டக் கலையும் அவரிடம் திரும்பி வந்துவிட்டன. பாட்டியின் இறுதி ஆண்டுகளோ ஒத்திவைக்கக் கூடியவையாய் இருக்கவில்லை.

இதிலிருந்து பெற்றோர் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பிள்ளையின் விருப்பங்களை வெட்டிச் சாய்ப்பது வளர்ப்பாகாது. முதலில் அவற்றை எண்ணிக் காட்டுங்கள். எதற்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்கப் பழக்குங்கள். ஒரு காலத்தில் இரண்டோ மூன்றோ போதும் என்று எல்லை வகுத்துக் கொடுங்கள். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே இறைவனுக்கு மிக உவப்பானது என்னும் நபிமொழியின் பொருளை, நாளுக்கு அரை மணி என்னும் அளவில் நடைமுறைப்படுத்திக் காட்டுங்கள். ஒன்றில் ஓய்ந்ததும் அடுத்ததில் முனையுமாறு இன்ஷிராஹ் அத்தியாயம் நாயகம் (ஸல்) அவர்களுக்குக் கற்பித்த ஒழுங்கு நமக்கும் உரியதே. விட நேர்ந்தால், சொல்லிவிட்டு விடச் செய்யுங்கள். இரவல் நூலைத் திருப்பிக் கொடுத்து, ஆசிரியரிடம் நன்றி கூறி, உடன் பயின்றவரிடம் விடைபெற்று விட்ட கலை நெஞ்சில் முள்ளாய்த் தைக்காது.

நாளை ஐந்தாகப் பகுத்துத் தந்திருக்கிறது நம் மார்க்கம். வணிகர் கணக்கை மூடிவைக்கிறார். மாணவர் ஏட்டை மூடிவைக்கிறார். எல்லோரும் ஒரு திசை நோக்கி நிற்கின்றனர். தொழுகை முடிந்ததும் மீண்டும் அவரவர் வேலைக்குக் கலைகின்றனர். உள்ளம் நாளுக்கு ஐந்து முறை தன் இருப்பிடத்துக்கு மீள இதைவிடச் சிறந்த பயிற்சி எங்கே கிடைக்கும்? அவதானி மேடையில் பெற்ற மீட்சியை, இறைவன் நமக்குக் கடமையாகவே ஆக்கியிருக்கிறான். அதை உடலால் மட்டும் நிறைவேற்றி, உள்ளத்தால் கடைத்தெருவில் நிற்பவர், மற்றத் துறைகளில் ஒருமைப்பாடு இல்லையே என்று குறைப்படுவதில் பொருளில்லை.

இனி அப்பழமொழிக்கு வருவோம். பல மரம் கண்டதா தச்சன் செய்த குற்றம்? நல்ல தச்சன் பல மரங்களைக் காணத்தான் வேண்டும். தேக்குக்கும் வேம்புக்கும் வேறுபாடு அறியாதவன் கதவு செய்வது எப்படி? எந்த வீட்டுக்குக் கதவு, எத்தனை நாளில் முடிப்பதாய் வாக்கு என்பதை மறந்து காட்டிலேயே திரிந்ததுதான் அவன் குற்றம். கதவில்லாத வீட்டில் ஒரு குடும்பம் மழையில் நனைந்துகொண்டிருப்பதை நினைவில் வைத்திருக்கும் தச்சன், எத்தனை மரங்களைக் கண்டாலும் ஒன்றை வெட்டிவிட்டு வீடு திரும்புவான்.

பயனளிக்காத கல்வியிலிருந்து இறைவனிடம் காவல் தேடினார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். கற்கும் பலவற்றையும் பயனுள்ளதாக்கி, ஏற்ற பொறுப்புகளை முடிக்கும் ஆற்றலையும், விட வேண்டியவற்றை விடும் தெளிவையும், உரியவர்க்கு உரியதைக் கொடுக்கும் நேர்மையையும் நமக்கும் நம் மக்களுக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.